எண் ஒன்று, கோடு ஒன்று

வாய்மையைப் பற்றிப் பேசும்போது நாம் நாவையே நினைக்கிறோம். உள்ளதைச் சொல்வது மெய், இல்லாததைச் சொல்வது பொய் என்ற அளவில் நிறைவு கொள்கிறோம். ஆனால் அன்றாடத் தொழிலில் நாவைவிடக் கையே மிகுதியாகப் பேசுகிறது. கணக்கு எழுதும் கையும், எடை நிறுக்கும் கையும், படம் வரையும் கையும் நாள்தோறும் பிறரிடம் எதையோ உறுதி கூறிக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறு கை எழுதிய எண் சரியான எண்ணாகவே இருந்தும், அச்செயல் பொய்யாவது உண்டா? இக்கேள்வியை நம் முன் வைத்தது ஒரு சிறிய வீட்டின் வரைபடம். வாசக அன்பர்களோடு சேர்ந்து அதனை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கட்டட வரைபடத்தைக் கண்டவர்கள், சுவர்களுக்குப் பக்கத்தே மெல்லிய கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அளக்கவேண்டிய இரு முனைகளிலிருந்தும் இரு சிறு கோடுகள் வெளியே நீளும். அவற்றின் இடையே ஒரு கோடு செல்லும். அதன் இரு நுனிகளிலும் அம்புக்குறியோ சாய்ந்த வெட்டுக்கோடோ இருக்கும்; நடுவில் ஓர் எண் நிற்கும். இதுவே அளவுக்கோடு. 'இங்கிருந்து அங்குவரை இவ்வளவு' என்பதே அது கூறும் செய்தி.

தாளில் கையால் வரைந்த காலத்தில், கோட்டை வரைந்தவரே எண்ணையும் எழுதினார். 1982ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் பரவிய பின் இம்முறை மாறியது. வரைபவர் இரு புள்ளிகளைச் சுட்டினால் போதும். இடைப்பட்ட தொலைவைக் கணிப்பொறியே அளந்து எழுதிவிடும். 2002ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், அளவுக்கோட்டைச் சுவரோடேயே பிணைத்து வைக்கவும் முடிந்தது. சுவரை நகர்த்தினால் அளவுக்கோடும் உடன் நகரும். எண்ணும் தானே மாறும். ஆயினும் அதே மென்பொருளில் மற்றொரு வழியும் உண்டு. கணிப்பொறி அளந்த எண்ணை நீக்கிவிட்டு, நாம் விரும்பும் எண்ணை அவ்விடத்தில் எழுதிவிடலாம். அதன்பின் சுவர் எங்கே நகர்ந்தாலும் அவ்வெண் அசையாது. உண்மையான தொலைவைக் கணிப்பொறி மறப்பதில்லை. அளவுக்கோட்டின் பண்புகளைத் திறந்து பார்ப்பவருக்கு அதைக் காட்டும். ஆனால் அச்சாகி வரும் தாளில் அது இராது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்று வரைந்த ஒரு மாடி வீட்டில், தளத்திற்குத் தளம் உயரம் 3150 மில்லிமீட்டர் என்று இருந்தது. செலவைக் குறைக்க விரும்பிய வீட்டுக்காரர் அதனை 3000 ஆக்கச் சொன்னார். அப்போது மாலை நேரம். மறுநாள் காலையில் தாள் வேலையிடத்திற்குப் போகவேண்டும். நம்மிடம் பணி செய்த இளைஞர், குறுக்குவெட்டுப் படத்தில் 3150 என்ற எண்ணை நீக்கி 3000 என்று எழுதினார். கோடுகளை நகர்த்தவில்லை. நாமும் எண்ணை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டோம். படிக்கட்டின் விரிவான படத்தைப் பின்னர் வேறொருவர் வரைந்தார். அவர் கணிப்பொறியில் வரைந்திருந்த உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். 3150ஐ 18 படிகளாகப் பகுத்தால் ஒரு படிக்கு 175 மில்லிமீட்டர். கணக்கில் குறையில்லை. அத்தாளிலும் நாம் கையொப்பமிட்டோம்.

சுவர் எண்ணின்படி எழுந்தது, தளமும் போடப்பட்டது. படிக்கட்டுக்குச் சென்ட்ரிங் அடிக்குமுன், மேஸ்திரி சுவரில் சுண்ணக்கட்டியால் படிகளைக் குறித்துப் பார்த்திருக்கிறார். பதினேழு படிகளிலேயே 2975 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. கடைசிப் படிக்கு எஞ்சியது 25 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு விரற்கடை. இரு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு அவர் நம்மைக் கேட்டார்: "ஐயா, ரெண்டு தாள்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நான் எதை நம்பறது?" அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது. 175 அதற்கு உட்பட்டதே. தனித்தனியே பார்த்தால் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. ஆனால் படியேறும் கால், முந்தைய படியின் உயரத்தை நினைவில் கொண்டே அடுத்த படிக்கு எழுகிறது. பதினேழு படிகள் ஒரு விதமாகவும் பதினெட்டாவது வேறு விதமாகவும் இருந்தால், விளக்கில்லாத நேரத்தில் இறங்கிவரும் முதியவர் ஒருவர் முதல் அடியிலேயே தடுமாறி விழலாம். மேஸ்திரி குறித்துப் பாராமல் கட்டியிருந்தால், அந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?

இளைஞரை அழைத்துக் கேட்டோம். அவர் கலங்காமல் திருப்பிக் கேட்டார்: "சார், முடிவான உயரம் 3000தானே? நான் எழுதியதும் 3000தான். இதில் பொய் எங்கே இருக்கிறது?"

இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏறத்தாழ எல்லா வரைபடங்களிலும் ஒரு மூலையில் 'படத்தை அளந்து எடுக்கலாகாது. எழுதிய எண்ணையே கொள்க' என்ற குறிப்பு இருக்கும். இது தொழிலின் பழைய விதி. தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நகலெடுக்கும்போது அளவு சற்றே மாறும். ஆகவே கோட்டுக்கு மேலாக எண்ணை வைத்தார்கள். மேலும், டிரேசிங் தாளில் மையால் வரைந்த நாள்களில் ஓர் உயரத்தை மாற்ற வேண்டுமானால் முழுத்தாளையும் மறுபடி வரையவேண்டும். அதனால் பெரியவர்களும் எண்ணை மட்டும் மாற்றியது உண்டு. இளைஞர் செய்ததும் அதுவே அன்றோ?

இல்லை என்றே கருதுகிறோம். எண்ணுக்கும் கோட்டுக்கும் ஒவ்வாமை இருக்குமிடத்தில், அவ்வெண்ணின் அடியில் ஒரு கோடிட்டுக் காட்டுவது தொழில்வரைபடத்தில் நெடுங்கால மரபு. 'இங்கே கோட்டை நம்பாதே' என்று அது வெளிப்படையாகக் கூறிவிடும். அது இல்லாத இடத்திலும், பிளேடால் சுரண்டிய தழும்பு தாளில் எஞ்சியிருக்கும். கணிப்பொறியில் மாற்றிய எண்ணுக்குத் தழும்பு இல்லை. அளந்த எண்ணும் எழுதிய எண்ணும் அச்சில் ஒன்றுபோலவே நிற்கின்றன.

பல நாள் எண்ணியபின் நமக்குத் தெளிந்தது இது. அளவுக்கோடு ஓர் எண்ணைத் தனியே கூறுவதில்லை. 'இக்கோட்டின் நீளம் இவ்வெண்' என்று இரண்டையும் இணைத்துக் கூறுகிறது. உயரம் 3000 என்பது மெய். அந்தக் கோடு 3000 என்பது மெய்யன்று. எண்ணைப் படித்த கொத்தனாருக்கு மெய் கிடைத்தது. கோட்டை எடுத்துக்கொண்ட வரைவாளருக்குப் பொய் கிடைத்தது. எழுதியவர் கொத்தனாரை மட்டும் மனத்தில் வைத்து எழுதினார். பின்னால் வரப்போகிறவர் அன்று அந்த அறையில் இல்லை. நேரில் நிற்பவரிடம் பொய் சொல்ல நாணும் நாம், இனி வரப்போகும் முகமறியாதவரிடம் சொல்லும்போது அதனைப் பொய்யென்றே உணர்வதில்லை.

இதில் மற்றொன்றும் அடங்கியிருக்கிறது. கோட்டை உண்மையாகவே நகர்த்தியிருந்தால், மேல்தளம் கீழிறங்கி, படிக்கட்டு அதனோடு முட்டி நின்றிருக்கும். அந்த முட்டல்தான் நமக்கு வேண்டிய செய்தி. ஒரு மாற்றம் எங்கெங்கே சென்று தொடும் என்பதை, அம்மாற்றத்தின் உழைப்பே நமக்குக் காட்டுகிறது. எண்ணை மட்டும் மாற்றியவர் அவ்வுழைப்பைத் தவிர்த்தார். அதனோடு அறிவையும் தவிர்த்தார். நாம் தவிர்த்த உழைப்பு, கையில் சுண்ணக்கட்டியோடு நின்ற மேஸ்திரியின் தலையில் விழுந்தது.

ஆயின் எண்ணில் கை வைப்பதே குற்றமா? அவ்வாறும் கொள்ளலாகாது. நீண்ட மதிற்சுவரை இடையில் முறித்துக் குறுக்கி வரைவார்கள். முறிவுக்குறி இருப்பதால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. கணிப்பொறி அளந்த எண்ணை அப்படியே வைத்து, அதன் பக்கத்தில் 'வேலையிடத்தில் சரிபார்க்க' என்று சேர்ப்பதும் நன்றே. பின்னத்தை விடுவதும் அத்தகையதே. 10000 மில்லிமீட்டரை மூன்றாகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் 3333 என்றே எழுதுகிறோம். கூட்டினால் 9999 வரும். இதனைப் பொய் என்பாரில்லை. கொத்தனாரின் டேப்பில் மில்லிமீட்டருக்குக் கீழே கோடு கிடையாது. அவர் பயன்படுத்தக்கூடிய நுட்பம்வரை உண்மை சொல்லப்பட்டிருக்கிறது. எனவே வேறுபாடு மாற்றியதில் இல்லை, மறைத்ததில் இருக்கிறது.

நம் இல்லறத்தாருக்கு இது புதிய பாடமன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் பொய்யெழுத்து எழுதுதலையும் ஒன்றாக வைத்திருக்கிறது. பொய்க்கு இலக்கணம் கூறுமிடத்தில், விழிப்பற்ற மனமொழிமெய்களின் இயக்கத்தையே அதன் வேராகக் காட்டுகிறது. அந்த இளைஞரிடம் வஞ்சகம் இல்லை. நம்மிடமும் இல்லை. மாலை நேரச் சோர்வும் அவசரமும் இருந்தன. அவை போதுமானவையாக இருந்தன.

ரெவிட் என்னும் மற்றொரு மென்பொருள், அளந்த எண்ணின் இடத்தில் வேறோர் எண்ணை எழுத முயன்றால் ஏற்க மறுக்கும். சொற்களை மட்டுமே ஏற்கும். நல்ல ஏற்பாடுதான். எனினும் அதனையும் ஏய்க்க வழி தேடுவோர் இருக்கிறார்கள். பூட்டு, பிழையைத் தடுக்கும், வாய்மையைத் தராது. கடைக்கணக்கில் உட்பதிவுகளைத் திருத்தாமல் மொத்தத்தை மட்டும் திருத்துபவருக்கும், இருப்பேட்டில் சரக்கை எண்ணாமல் எண்ணை ஒட்டவைப்பவருக்கும் எந்தப் பூட்டு உண்டு?

அந்த வீட்டில் 3000ஐ மீண்டும் 18ஆகப் பகுத்து, படிக்கு 166.7 மில்லிமீட்டர் என்று புதிய தாள் கொடுத்தோம். மேஸ்திரிக்கும் அவருடைய ஆள்களுக்கும் வீணான நாளின் கூலியை நாமே ஏற்றோம். அன்றிலிருந்து நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோடு முதலில் நகரவேண்டும். எண் அதனைப் பின்தொடர வேண்டும். கோட்டை நகர்த்த இயலாதபோது எண்ணின் அடியில் கோடிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதவேண்டும். இளைஞர் இவ்வழக்கத்தை நம்மைவிடக் கண்டிப்பாகக் காத்து வருகிறார். 'எதை நம்பறது?' என்று மறுமுறை யாரும் நம்மைக் கேட்கும் நிலை வரலாகாது என்பதே நம் விருப்பம். அன்பர்கள் தத்தம் தொழிலில் இதனைப் பொருத்திப் பார்ப்பார்களாக.