7 பேர்ச்சஸ் மண்ணில் ஒரு கமீலியா

ஐரோப்பாவின் பீச் மரம் விதையிலிருந்து வளர்ந்து முதல் காய் காய்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். அதிலும் மெதுவாக வளரும் அழகு வகை ஒன்றைத் தேர்ந்து, வீட்டு முற்றத்துக்கு அளவான மரமாக வளர்ப்பவர்கள் இங்கிலாந்தில் பலர் இருக்கிறார்கள். கடுங்குளிரில் இலையுதிர்த்து உறங்கி எழ வேண்டிய மரம் அது. பதுளையிலோ பண்டாரவளையிலோ வைத்தால் பிழைக்காது. அந்த மரம் நமக்குத் தேவையில்லை. அதை நடுகிறவரின் மனநிலைதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. நாற்பது வருடம் கழித்தும் இந்த மண் என் பிள்ளைகளிடம் இருக்கும் என்று ஐயமில்லாமல் நம்பினால்தான் ஒருவர் அப்படிப்பட்ட மரத்துக்குக் குழி வெட்டுவார். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அந்த நம்பிக்கையை யாரும் கொடுத்ததில்லை.

லயத்து வாசலில் என்ன வளர்கிறது என்று பாருங்கள். செவ்வந்தி, டேலியா, ரோஜா. அதை ஒட்டி ஒரு பாத்தி கீரை, ஒரு பாத்தி போஞ்சி, பந்தலில் சவ்சவ், மூலையில் ஒரு மரத்தக்காளி. எல்லாமே ஒன்றிரண்டு போகத்தில் பலன் தந்துவிடும். எங்கள் ஆட்களுக்குப் பொறுமை போதாது என்று இதைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது அநியாயம். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று தலைகளைப் பிரித்தது. கப்பலுக்குப் பெயர் வருமா வராதா என்று பல வருடம் காத்திருந்த குடும்பம் எந்த மரத்தை நடும்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காம்பராவில் குடியிருந்தவர் கைக்கு மட்டும் ஒரு துண்டுக் காணி உறுதியும் வரவில்லை.

மெதுவான மரத்தை வளர்க்கும் கை நம்மிடம் எப்போதுமே இருந்திருக்கிறது. துரை பங்களாக்களின் தோட்டங்களே அதற்குச் சாட்சி. ஹப்புத்தளைக்கு அருகே சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டிய அடிஷாம் மாளிகை இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்தவர் அவர். அவரைப் போலத் தாய்நாட்டு ஏக்கத்தோடு வந்த துரைமார், பீச்சுக்கும் ஓக்குக்கும் பதிலாக சைப்பிரஸ், அரோக்கேரியா, கமீலியா என்று பங்களாவைச் சுற்றி வைத்தார்கள். வைக்கச் சொன்னார்கள் என்பதே சரி. குழி வெட்டி, தண்ணீர் சுமந்து, காற்றுக்கு முட்டுக் கொடுத்து அவற்றை ஆளாக்கியவர் லயத்திலிருந்து ஏறிப்போன தோட்டக்காரர். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சி தேயிலை. 1869-இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் முப்பது அடிவரை போகும். பழைய விதைத் தேயிலை மலை ஒன்றில் கவ்வாத்து முடிந்த மறுநாள் போய் நின்று பாருங்கள். இலையெல்லாம் போய், முழங்கால் உயரத்தில் வெறும் கட்டைகள் நிற்கும். அடித்தண்டு தொடைப் பருமன். பட்டையில் வெளிறிய பாசி. ஒவ்வொரு பழைய வெட்டும் ஆறிய இடத்தில் ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. சில வாரங்களில் அந்த முடிச்சுகளிலிருந்தே செந்நிறத் துளிர் கிளம்பும். நூறு வயதைத் தாண்டிய செடிகள் ஊவாவில் இன்னும் கொழுந்து தருகின்றன. இவ்வளவு நீண்ட ஆயுளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கைகள், தங்கள் வாசலில் ஒரே ஒரு மரத்தை அதன் போக்கில் வளரவிட முடியாமல் இருந்தன என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது சில குடும்பங்களுக்கு லயத்தைவிட்டு வெளியே தனி வீடு கிடைத்திருக்கிறது. அவர்களில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. படி, வடிகால், கழிவறைக் குழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக மிஞ்சுவது சிறு முற்றம். அவசரத்தில் பலரும் அதில் சீக்கிரம் வளர்கிற மரத்தை வைத்துவிடுகிறார்கள். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கும் வாகையும் மலைக்கு ஏற்றவை, கூரை ஓரத்துக்கு அல்ல. பத்துப் பதினைந்து வருடத்தில் வீட்டை மீறி உயர்ந்துவிடும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று பள்ளத்தாக்கில் இறங்கும்போது ஒரு வாகைக் கிளை முறிந்து விழுந்தால் தகடு தாங்காது. சிறிய காணிக்கு மெதுவான மரமே பொருத்தம்.

பண்டாரவளைக்கு மேலே, ஹப்புத்தளை, ஒஹிய பக்கக் குளிருக்கு நான் சொல்வது கமீலியா. தேயிலையின் கூடப்பிறந்த இனம். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணே இதற்கும் பிடிக்கும். பதுளை டவுன் வெக்கையில் மொட்டு சரியாகப் பிடிக்காது. வருடத்துக்கு ஒரு சாண், நல்ல இடமானால் ஓர் அடி வளரும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் 200 ஆண்டுகளைக் கடந்த ஒரு கமீலியா இன்றும் பூக்கிறது. பனிக்காலத்தில் அதற்கென்று கண்ணாடி வீட்டை நகர்த்தி மூடுகிறார்கள். நமக்கு அந்தச் செலவே இல்லை.

கன்று உண்டாக்கத் தோட்டத்து நேர்சரியில் வேலை செய்த அக்காமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓர் இலையும் அதன் கணுவில் ஒரு மொட்டும் சேர்ந்த தண்டை வெட்டி, பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைக்கிற அதே வித்தைதான். கவனிக்க வேண்டியது புது வீட்டின் மண்ணை. கட்டட வேலையில் சிந்திய சீமெந்தும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் கெடுக்கும். நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். அந்த மண்ணை ஒரு முழ ஆழம் எடுத்துப்போட்டு, தேயிலை மலையோர மண்ணும் மக்கிய இலையும் நிரப்ப வேண்டும். தண்டின் கழுத்தைப் புதைக்கக் கூடாது. வேர் மேலாகவே ஓடுவதால் அடியில் மண்வெட்டி போடக் கூடாது, சருகு மூடாக்கு போதும். கச்சான் காலத்தில் தண்ணீர் தவறினால் மொட்டு பூக்காமலே உதிர்ந்துவிடும்.

மரம் மண்சரிவைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று நிபுணர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் சனம் அங்கேயே இருந்தது, போய் இருக்க வேறு காணி இல்லாததால். வாசல் பூச்செடிகளும் மரக்கறிப் பாத்திகளும் வீட்டோடு போயின. பாதுகாப்பான நிலமும் அதற்கு ஓர் உறுதியும் எத்தனை அவசரம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடு திறக்கும் விழாவில் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அன்றே சட்டப்படி பதிந்த உறுதியையும் அந்தக் குடும்பத்தின் பெயரில் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இன்னும் நல்லது. உறுதி கைக்கு வந்தவர்கள் ஐப்பசி மழை பிடித்ததும் சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு கன்று வையுங்கள். வராதவர்கள் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.