எக்காளம் ஊதியவன் குற்றவாளியா?

ஆபத்து வருகிறதென்று ஒருவன் எடுத்துச் சொல்லியும் எவரும் செவிசாய்க்கவில்லை, ஆபத்தும் வந்துவிட்டது. சொன்னவனுடைய கடமை அத்தோடு தீர்ந்துவிட்டதா? அன்பான வாசகர்களே, விடை காண ஓர் உண்மை நிகழ்ச்சியை நோக்குவோம்.

1986 ஜனவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் ‘சலஞ்சர்’ விண்வெளி ஓடம் புறப்பட்டு 73 விநாடிகளில் சிதறியது. ஓர் ஆசிரியை உட்பட எழுவர் மாண்டனர். உந்துகலத்தின் மூட்டில் எரிவாயு கசியாது தடுக்கும் றப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்துப்போனதே காரணம்.

இது எவரும் எதிர்பாராத விபத்தன்று. உந்துகலங்களைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் றோஜர் போஜொலே, உயிர்கள் பலியாகலாமென 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். புறப்படுவதற்கு முதல்நாளிரவு அவரும் தோழர்களும் தொலைபேசி மாநாட்டில் வாதாடினர். வெப்பநிலை 12 பாகை செல்சியசுக்குக் குறைவாயின் ஏவவேண்டாம் என்றனர். நாசா அதிகாரிகள் அதனை விரும்பவில்லை. நிறுவன முகாமையாளர்களும் தம் பொறியியலாளரின் சொல்லைத் தள்ளிவிட்டு இணங்கினர். பாதுகாப்பானது என்பதற்குச் சான்று கேட்கவேண்டியவர்கள், ஆபத்தானது என்பதற்குச் சான்று கேட்டனர். மனித உயிர் தராசில் இருக்கையில் இவ்வாறு கேட்பது அறத்தையே தலைகீழாக்குவதாகும்.

எச்சரித்தவர்களுள் ஒருவரான றொபேட் எபெலிங் முப்பது ஆண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்தார். இறைவன் தம்மை இவ்வேலைக்குத் தெரிந்துகொண்டது தவறு என 2016இல் வானொலியில் மனம் நொந்து கூறினார். அவ்வாண்டிலேயே காலமானார்.

அவர் குற்றவாளியா? காவலன் எக்காளம் ஊதியும் மக்கள் பொருட்படுத்தாவிடின் பழி காவலன்மேல் அன்று என்பது எசேக்கியேல் ஆகமம் 33ஆம் அதிகாரத்தின் படிப்பினை. இறைவன் எம்மிடம் கேட்பது வெற்றியையன்று, பிரமாணிக்கத்தையே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எக்காளம் உரியவர்களின் காதில் விழவேயில்லை. ஓடத்தில் ஏறிய எழுவருக்கும் அந்த வாதம் தெரியாது. ஏவும்படி இறுதி முடிவெடுத்த மேலதிகாரிகளுக்கும் அது எட்டவில்லை. இடையில் நின்றவர்கள் ஓசையை அடக்கிவிட்டனர்.

நாம் விண்வெளி ஓடம் செய்பவர்களல்லர். ஆனால் பழுதான படகில் ஆட்களை ஏற்றும்போதும், வெடித்த சுவரின் கீழ்ப் பிள்ளைகளை இருத்தும்போதும் இதே கேள்வி எழுகிறது. பணியாளராயின் துணிந்து சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். தலைவராயின், தாழ்ந்தவன் சொல்லென்று தள்ளாதீர்கள். செய்யத் தவறியவற்றுக்காகவும் திருப்பலிதோறும் மன்னிப்பு வேண்டுகிறோம். சொல்லாமல் விட்ட ஒரு சொல்லும், கேளாமல் விட்ட ஒரு சொல்லும் அவற்றுள் அடங்கும்.