வெள்ளைச் சுவரும் சந்தனச் சுவரும்

நிறம் சுவரில் இருக்கிறதா, காண்பவர் அறிவில் இருக்கிறதா என்பது மெய்யியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், ஓர் அறைக்கு வெள்ளையும் அடுத்ததற்கு வெளிர் சந்தனமும் அடித்தால் இக்கேள்வி கண்முன்னே வந்து நிற்கும். வெள்ளைப் பெயின்டிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி, கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கிறது. சந்தனத்தில் சிறிதளவு சேரும் மஞ்சள் இரும்பு ஆக்சைடு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நண்பகலில் இரண்டும் வேறு வேறு எனத் தெளிவாகத் தெரியும். 2700 கெல்வின் நிறவெப்பநிலை கொண்ட மஞ்சள் பல்பின் கீழோ வெள்ளைச் சுவரும் சந்தனச் சாயல் கொள்ளும்.

இந்த மாற்றத்தை மெய்யியலார் வெவ்வேறாக விளக்குவர். இந்திய மெய்யியலின் நியாய வைசேடிக மரபுக்கு நிறம் பொருளில் உறையும் குணம். அம்மரபின் நூலான அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் வெள்ளை முதலாக 7 நிறங்களை எண்ணுகிறது. இந்நோக்கில் சுவர் மாறவில்லை, காட்சியே பிழையானது. யோகாசார பௌத்தமோ அறிவுக்குப் புறம்பாக நிறத்தை ஏற்பதில்லை. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் இவற்றுக்கு இடைப்பட்டவர்: நிற உணர்வைத் தோற்றுவிக்கும் ஆற்றல் மட்டுமே பொருளில் உண்டு என்றார்.

பெயின்டின் வேதியியல் லாக்கின் பக்கமே சாய்கிறது. நிறமியின் ஆற்றல் நிலையானது. தோற்றம் ஒளியையும் கண்ணையும் சார்ந்தது. ஆகவே உண்மை நிறம் எது என்று கேட்பவர், எந்த ஒளியில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.