காது கொடுத்துக் கேளுங்கள்

சர்வீசுக்கு விட்ட காரைத் திரும்ப எடுத்து வரும்போது என்ன கிடைக்கும்? கழுவித் துடைத்த வாசனை, பளபளக்கும் கண்ணாடி, பில்லைப் பார்த்ததும் ஒரு நெஞ்சு வலி. போன மாதம் எனக்கு இவற்றோடு இரண்டு சத்தங்களும் இலவசமாகக் கிடைத்தன.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பானட்டுக்குள்ளிருந்து 'ஹூம்ம்' என்று ஓர் உறுமல். சிக்னலில் நின்றால் மெல்லிசாக 'டிக் டிக் டிக்'.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்? ஏழு வருஷமா ஓட்டறது நான்!"

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். சூப்பர்வைசர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நார்மல்தான் சார். ஓட ஓட செட் ஆயிடும்."

அந்த 'நார்மல்' என்ற வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைத்தது. மறுநாள் காலை நேரில் போய் நின்றேன். வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டார்கள். இருபது வயசு இருக்கும். கிரீஸ் கையைத் துடைத்தபடி வந்தான். "நல்லா இருந்த வண்டியை என்னப்பா பண்ணினே?" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் உடனே கட்சி மாறினார். "ஸாரி சார். இவன் சம்பளத்துல பிடிச்சுடறேன்."

கவனியுங்கள், அதுவரை யாருமே பானட்டைத் திறக்கவில்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஒரு நிமிஷம் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். "எப்ப கேக்குது சார்? காலைல முதல் ஸ்டார்ட்டுலயா, சூடானப்புறமா? நின்னுக்கிட்டே ரேஸ் பண்ணினா கேக்குதா, ஓடும்போது மட்டுமா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் கேட்டால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். ஓடும்போது மட்டும் கேட்டால் டயர், வீல் பேரிங் என்று வேறு பக்கம் போக வேண்டும். நின்ற இடத்திலேயே உறுமியது.

அடுத்து பையனிடம் திரும்பினார். 'ஏண்டா இப்படிப் பண்ணினே' என்று கேட்கவில்லை. "இந்த வண்டில நேத்து எதையெல்லாம் கழட்டினே?" என்றார்.

பையன் விரல் விட்டு எண்ணினான். ஆயில், ஆயில் ஃபில்டர், பாட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர்... அங்கே நின்றான். தானே குனிந்து கையை விட்டுத் தடவினான். "ஒரு கிளிப் சரியா மாட்டலைண்ணே. நான்தான் விட்டுட்டேன்."

அழுத்தி மாட்டியதும் உறுமல் போயே போச்சு. ஏர் ஃபில்டர் மூடி வாய் பிளந்திருந்தால் எஞ்சின் காற்றை இழுக்கும் சத்தம் அப்படியே வெளியே கேட்கும். அதைவிட, வடிகட்டாத தூசி உள்ளே போய் நாளடைவில் சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஆக, என் சந்தேகம் சரி! வெற்றிப் பெருமிதத்தோடு, "அப்போ அந்த டிக் டிக்?" என்றேன்.

பெரியவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, டாக்டர் மாதிரி கேட்டார். சிரித்தார். "இது இன்ஜெக்டர் சார், பெட்ரோல் பீய்ச்சற சத்தம். வாங்கின நாள்லேர்ந்து இருக்கும். நீங்க பாட்டுப் போட்டுக்கிட்டே ஓட்டுவீங்களோ?"

ஆமாம். பாட்டரியைக் கழற்றியதில் ரேடியோவில் பதிந்து வைத்திருந்த எஃப்.எம். ஸ்டேஷன்கள் அழிந்துபோயிருந்தன. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டு இல்லாமல் ஓட்டியிருக்கிறேன்!

இரண்டு சத்தத்தில் ஒன்று நிஜம், ஒன்று என் காதின் கைங்கரியம். ஆனால் என் கோபம் இரண்டையும் ஒரே கணக்கில், அந்தப் பையன் பெயரில், பற்று எழுதிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சில சமயம் காக்கையே தள்ளியிருக்கலாம். சில சமயம் பழம் தானே விழ இருந்திருக்கலாம். மரத்தில் ஏறிப் பார்க்காமல் கீழே நின்றபடி எப்படித் தெரியும்?

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு என்று ஒன்று வரும். 1896-ல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. எல்லோரும் திருடர்கள் என்ற எண்ணத்தோடு கணக்கைத் திறக்க வேண்டியதில்லை என்றது. பரீட்சைக்கு நாங்கள் மனப்பாடம் செய்தது இந்த வரியைத்தான். அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. சந்தேகம் எழுப்பும்படி ஏதாவது கண்ணில் பட்டால், அதன் அடி வரை தோண்டிப் பார்த்தாக வேண்டும்.

அதாவது, சந்தேகம் வந்தால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தோண்டிப் பார்க்காமலே 'நார்மல்' என்றார் சூப்பர்வைசர். தோண்டிப் பார்க்காமலே 'குற்றவாளி' என்றேன் நான். எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரிந்தாலும் இரண்டும் ஒரே சோம்பேறித்தனம். இடையில் மாட்டிக்கொண்டது ஓர் ஏழைப் பையனின் சம்பளம்.

"அவன் சம்பளத்துல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கருணையால் மட்டுமல்ல. உண்மையைச் சொன்னதற்கு அபராதம் விதித்தால், அடுத்த முறை அவன் கிளிப்பை மாட்டுவான். ஆனால் மாட்டாமல் விட்டதைச் சொல்ல மாட்டான்.

கார் கதை அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது வேறொன்று உறுத்தியது. ஒரு வாரம் முன்பு அம்மா, "மாடி ஏறினா மூச்சு வாங்குதுடா" என்றாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நான் சொன்ன பதில்: "வயசாச்சில்லம்மா, அப்படித்தான் இருக்கும்."

'நார்மல்தான் சார்.'

அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்பலேர்ந்தும்மா? ஏறும்போது மட்டுமா, சும்மா உக்காந்திருக்கும்போதுமா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பதினஞ்சு நாளாச்சு. இப்பவாவது கேட்டியே" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நிஜமாகவே வயசு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை அவர் காது வைத்துக் கேட்டுச் சொல்லட்டும்.