பிறர் பிள்ளையின் மனச்சாட்சி



அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து அரசாங்கப் பள்ளிகளில் ஒருகாலத்தில் புரொட்டஸ்டாந்து சபையாரின் வேதாகமமே வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் திருச்சபையின் மொழிபெயர்ப்பை வாசிக்க, 1842-ல் மேற்றிராணியார் பிரான்சிஸ் கென்ரிக் அனுமதி கேட்டார். வேதாகமத்தையே பள்ளியைவிட்டு அகற்றப் பார்க்கிறார் என்று விரோதிகள் புரளி கிளப்பினர். 1844 மே மாதம் கலகம் மூண்டது, அர்ச். மிக்கேல் ஆலயமும் அர்ச். அகுஸ்தீனார் ஆலயமும் தீக்கிரையாயின.

அதே நாட்டில் 2024-ல் லூயிசியானா மாநிலம், அரசாங்கப் பள்ளி வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளை மாட்டவேண்டுமெனச் சட்டம் செய்தது. உடனே வழக்கும் எழுந்தது. “நல்ல கட்டளைகள்தாமே, மாட்டினால் என்ன?” என்று நமக்குத் தோன்றலாம். அன்று பிலடெல்பியாவில் திணிக்கப்பட்டதும் வேதாகமம்தானே! குற்றம் நூலில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது.

விசுவாச காரியத்தில் எவரையும் வற்புறுத்தலாகாதென 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. சிறுபான்மையாயிருந்து நாம் கேட்ட நியாயத்தை, நம் கை ஓங்கும்போது பிறர் பிள்ளைக்கு மறுப்பது தர்மமா?

சுவரில் தொங்கும் கட்டளையைப் பிள்ளை வாசிக்கும். வீட்டில் அனுசரிக்கப்படும் கட்டளையையே கற்றுக்கொள்ளும். அந்தக் கடமையைச் சர்க்காரிடம் ஒப்படைக்க நமக்கு உரிமையில்லை.