தோற்ற படங்கள் யாருடையவை?

"அண்ணா, தோத்துட்டா கூட என் படம் உங்களுக்குத்தானா?"

இரவு பதினொரு மணிக்கு வந்த கேள்வி. கேட்டவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்கிற கட்டற்ற மென்பொருள். அதற்கு ஒரு லோகோ வேண்டும், கையில் காசில்லை. "போட்டி வைப்போம்டா, ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு டீ-ஷர்ட்" என்றான் நண்பன். விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கோ கிடைத்த ஒரு போட்டி அறிவிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டேன். அதன் ஏழாவது விதி, அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே சொந்தம் என்றது. நான் அதைப் படிக்கவே இல்லை. அவர் படித்திருந்தார்.

"அது சும்மா ஃபார்மாலிட்டிமா" என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். சும்மா என்றால் ஏன் எழுதினீங்க என்று அவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எழுதும் நிரலையெல்லாம் ஊருக்குக் கொடுக்கிறோம் என்று மார்தட்டுகிற நாங்கள், ஊரார் வரைந்த படத்தை மட்டும் வாங்கிப் பூட்டி வைக்கப் பார்த்தோம்.

விதியை மாற்றுவது எளிது, மாற்றினேன். வென்ற படத்துக்கு மட்டும் கட்டற்ற உரிமம், மற்றவை வரைந்தவர்களுக்கே. ஆனால் அந்தக் கேள்வி அதோடு நிற்கவில்லை. தோற்கப்போகிறவர்களிடம் வேலை வாங்குவது சரியா?

யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, நிரல் எழுதுகிறவர்களும் சம்பளமில்லாமல்தானே எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒருவர் நிரல் அனுப்பினால் "இந்த வரி தப்பு, இப்படி மாத்துங்க" என்கிறோம். மூன்று முறை திருப்பி அனுப்பி, நான்காம் முறை சேர்த்துக்கொள்கிறோம். நூறு பேர் நூறு பிழையைச் சரிசெய்தால் நூறுக்கும் இடமுண்டு. லோகோவுக்கு இருப்பது ஒரே நாற்காலி. 31 படங்கள் வந்தன என்றால் 30 பேரின் உழைப்பு எங்களுக்கு உதவாது. இது எதிர்பாராமல் நடந்ததல்ல, போட்டியின் அமைப்பே அப்படித்தான். பத்து தையல்காரர்களிடம் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, பிடித்த ஒன்றுக்கு மட்டும் கூலி கொடுப்பவனை நம் தெருவில் என்ன சொல்வோம்? இத்தகைய போட்டிகளை வடிவமைப்பாளர்கள் பலர் எதிர்ப்பதும் இதனால்தான்.

ஆனாலும் போட்டிகளால் நல்லது எதுவும் வந்ததில்லை என்று சொல்ல முடியாது. டெபியனின் சிவப்புச் சுழல் 1999இல் ஒரு போட்டியில் பிறந்ததுதான். அவர்கள் இரண்டு சின்னங்கள் வைத்துக்கொண்டார்கள், யாரும் பயன்படுத்த ஒன்று, கட்டுப்பாடுகளோடு இன்னொன்று. எது யாருக்கு என்று யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

லினக்ஸின் பென்குயின் கதை இன்னும் வேடிக்கை. 1996இல் லாரி யூயிங் கிம்ப் மென்பொருளில் வரைந்த அந்தப் படம் லோகோ போட்டிக்குப் போய், வெல்லவில்லை. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், என்னையும் கிம்ப்பையும் குறிப்பிட்டால் போதும் என்று அவர் விட்டுவிட்டார். இன்று லினக்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது தோற்ற அந்தப் பென்குயின்தான். என் ஏழாவது விதி அங்கே இருந்திருந்தால், அப்படிச் சொல்லும் உரிமை அவரிடம் இருந்திருக்காது.

வாக்கெடுப்பு வைத்தோம். ஒரு தம்பி தன் ஹாஸ்டலையே திரட்டிக்கொண்டு வந்தும் மூன்றாமிடம்தான் வந்தான். 31இல் 14 படங்களில் 'ழ' இருந்தது. வென்றது 'ழ' இல்லாத ஒன்று.

பிறகு தோற்ற 30 பேருக்கும், ஏன் தேர்வாகவில்லை என்று இரண்டு வரியாவது எழுத உட்கார்ந்தேன். பதின்மூன்றாவது பெயரில் கை நின்றுவிட்டது. அந்தப் படத்தை நான் கட்டைவிரல் அளவில் பார்த்ததோடு சரி, திறக்கவே இல்லை. அவர் எத்தனை ராத்திரி உட்கார்ந்து வரைந்தாரோ! திறந்து பார்த்தேன். மோசமில்லை. அதையே எழுதினேன், தாமதமாகப் பார்த்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். பதில் வரவில்லை.

அந்தப் பெண்ணும் வெல்லவில்லை. அவர் பதில் மட்டும் மறுநாளே வந்தது: "பரவால்லண்ணா. அந்த 'ழ'வைக் கொஞ்சம் மாத்தி எங்க அத்தையோட தையல் கடை போர்டுல வச்சுட்டோம். நல்லா இருக்கு." கூடவே ஒரு போட்டோ. போர்டில் 'ழ'வின் வால் ஊசியில் கோத்த நூலாக நீண்டிருந்தது. பழைய விதிப்படி பார்த்தால் அந்த அத்தை எங்களிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

இதனால் என் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்குப் போர்டு கிடைத்தது, மற்ற 29 பேருடைய ராத்திரிகள் போனது போனதுதான். அடுத்த முறை பென்சில் கிறுக்கல் மட்டும் கேட்பேன். அதில் ஒருவரைத் தேர்ந்து, எல்லோரிடமும் நூறு இருநூறு வசூலித்துக் கூலி கொடுத்து, அவரோடு உட்கார்ந்து முடிப்பேன். "அப்புறம் அது எப்படிடா சமூகத்தோட லோகோ ஆகும்?" என்கிறான் நண்பன். பத்துப் பேர் காசு போட்டு ஒருவருக்குக் கூலி கொடுப்பதும் சமூகம் செய்கிற வேலைதானே என்கிறேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.