மெலிந்த மாடுகள் நானூறு

சாந்தோக்ய உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயத்தில் மாணவர் சேர்க்கை ஒன்று நடக்கிறது. குருகுலம் போக விரும்பும் சத்தியகாமன், குரு கோத்திரம் கேட்பாரே என்று தாய் ஜபாலாவிடம் விசாரிக்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் நீ பிறந்தாய், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயரைச் சேர்த்து சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள் அவள். ஹாரித்ருமத கௌதமர் முன் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் அப்படியே சொல்கிறான் பையன். அவர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்.

இதைச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிராமணனல்லாத ஒருவன் இப்படி உண்மை பேசமாட்டான் என்பதுதான் குரு சொல்லும் காரணம். கதவு திறந்தது, மதில் அப்படியே நிற்கிறது.

கதையின் பெறுமதி அடுத்த காட்சியில் இருக்கிறது. மந்தையிலிருந்து மெலிந்த, வலுவற்ற மாடுகளாக நானூறைப் பிரித்து, இவற்றை மேய்த்து வா என்கிறார் குரு. ஆயிரமாகாமல் திரும்பமாட்டேன் என்று காட்டுக்குப் போகிறான் சத்தியகாமன். பல வருடம் கழித்து ஆயிரம் மாடுகளோடு வருகிறான். வழியில் காளையும் நெருப்பும் அன்னமும் நீர்ப்பறவையும் அவனுக்குப் பிரம்மத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன. அப்படியானால் அவனுடைய தகுதி வாசலில் அளந்து பார்த்ததா, உள்ளே வந்தபின் வளர்ந்ததா?

2020-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் முன் நின்றதும் ஏறக்குறைய இதே கேள்விதான். நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு, மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்து செப்டம்பரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் தள்ளிப்போனது. கலந்தாய்வு நெருங்கிய நிலையில், அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே வெளியிட்டார்கள். மறுநாள் ஆளுநர் கையெழுத்திட்டார்.

அன்று எழுந்த ஆட்சேபம் எளிமையானது: கூட மார்க் வாங்கியவன் வெளியே நிற்க, குறைந்த மார்க் வாங்கியவன் உள்ளே போகலாமா? இந்த ஒதுக்கீட்டில் வருபவர்களும் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்தே ஆகவேண்டும் என்பது முதல் பதில். ஆனால் அது மட்டும் போதாது. வெளியே நின்ற பையனும் இரவு பகலாகப் படித்தவன்தான். அவன் வருத்தம் உண்மையானது. அதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் வெளிவந்த தன் நூலில் இதன் வேரைத் தொட்டார். எந்த வீட்டில் பிறப்பது என்பதை யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை; முயற்சி செய்யும் மனம்கூட வளர்ந்த சூழலைச் சார்ந்தது என்பது அவர் வாதம். அதைக் கேட்டு உழைப்பே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உழைப்பு நிஜம். அதனால்தான் இருவருடைய உழைப்பையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது. ஒருவருக்குப் பயிற்சி மையம், மாதிரித் தேர்வுகள், தவறினால் இன்னொரு வருடம் வீட்டிலிருந்து படிக்க வசதி. இன்னொருவருக்குப் பள்ளிப் பாடப்புத்தகமும், மின்சாரம் இருக்கும் நேரமும். முன்னவர் தாண்டிய தூரத்தை மதிப்பெண் காட்டுகிறது. பின்னவர் எங்கிருந்து ஓடத் தொடங்கினார் என்பதை அது காட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மருத்துவ இடம் என்பது நன்றாகப் படித்ததற்குக் கிடைக்கும் பரிசுக் கோப்பையா? அரசுக் கல்லூரியின் கட்டடமும் ஆய்வுக்கூடமும் ஆசிரியர் சம்பளமும் ஊர்ப்பணம். நாளை நோயாளியின் நாடி பிடிக்கப்போகும் ஒரு கையை உருவாக்க ஊர் கூடி ஒப்படைக்கும் பொறுப்பு அந்த இடம். அப்படிப் பார்த்தால் வாங்கிய மார்க்கைக் கேட்டுவிட்டு நின்றுவிட முடியாது. அந்த இடத்தை வைத்து இவர் என்ன ஆவார் என்றும் கேட்க வேண்டும். பிரின்ஸ்டன், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் முன்னாள் தலைவர்களான வில்லியம் போவனும் டெரெக் பாக்கும் 28 கல்லூரிகளின் பதிவுகளைத் திரட்டி 1998-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இன அடிப்படைச் சலுகையின் பலனாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்ததையும், பிற்காலத்தில் பொதுப்பணிகளில் முன்னின்றதையும் அவர்கள் காட்டினார்கள். நானூறு ஆயிரமாகும் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி அது.

ஆனால் சத்தியகாமனுக்குக் காடு இலவசமாகக் கிடைத்தது. 2020 நவம்பர் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர், கட்டணத்தைக் கேட்டதும் அந்த இடத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. ஒரு குழந்தைக்கு வாழ்நாளில் ஒருமுறை வரும் தருணத்தில் சில நாள் தாமதம் என்பது சின்ன விஷயமல்ல. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு விரிந்தபோது, படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். பட்டபின் கற்ற பாடம்.

2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ இட ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்றது. ஐந்தாண்டுக்குள் ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும், அரசுப் பள்ளிகளின் தரத்தையும் உயர்த்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. தீர்ப்பிலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2027 ஏப்ரல். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த முதல் அணி அதற்குள் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்திருக்கும். பரிசீலிக்க உட்காருபவர்கள் அவர்களுடைய பழைய நீட் மதிப்பெண்களைப் புரட்டுவதோடு எழுந்துவிடக் கூடாது. எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், பாதியில் விட்டவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் தடையானதா, பணம் தடையானதா, முடித்தவர்கள் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும்.